குட்டி நில ஆமைக்குச் சரியான வீடு எப்படி அமைப்பது? மீன்தொட்டி போதுமா?

தாழைமடல்:

வணக்கம். ஆறு வாரம் ஆன ஆமைக்குஞ்சு ஒன்று நான்கு நாளாக எங்கள் வீட்டில் இருக்கிறது. அண்ணனின் நண்பர் ஒருவர் பல வருடங்களாக ஆமை வளர்க்கிறார். அவர் வீட்டில் முட்டையிலிருந்து வந்த குஞ்சு இது. வளர்ப்பில் பிறந்ததற்கான சான்றிதழோடு கொடுத்தார். பத்து வயதாகும் என் மகள் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். உள்ளங்கைக் குழியில் அடங்கிவிடும். நீளம் 4.5 செ.மீ., எடை 21 கிராம்.

இப்போதைக்கு 60 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பழைய மீன்தொட்டியில் விட்டிருக்கிறேன். அடியில் மரச்சீவல். பகலுக்கு ஒரு சாதாரண மஞ்சள் பல்பு, இரவுக்குச் சிவப்பு பல்பு. சீவலும் பல்புகளும் ஒரு கடையில் "ஆமைக்கு இவைதான்" என்று எடுத்துக் கொடுத்தவை.

விழித்திருக்கும் நேரமெல்லாம் ஒரே மூலையில் நின்று கண்ணாடியைப் பிறாண்டிக்கொண்டே இருக்கிறது. மற்ற நேரம் சீவலுக்குள் புதைந்து தூங்குகிறது. லெட்டூஸ் வைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை, வெள்ளரிக்காயை மட்டும் இரண்டு கடி கடிக்கிறது. தெரிந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர் "பாலைவனப் பிராணி, தண்ணீரே காட்டாதே" என்கிறார். இன்னொருவர் "பாதித் தொட்டிக்குத் தண்ணீர் நிரப்பு" என்கிறார். மகள் பள்ளியிலிருந்து வந்ததும் பையைக் கூடக் கழற்றாமல் தொட்டி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறாள். அவளுக்காகவாவது இதைச் சரியாகச் செய்ய வேண்டும். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

வேலிப்பருத்தி:

முதலில் தண்ணீர் நிரப்பச் சொன்னவரை நிறுத்துங்கள். கடலில் இருப்பது, குளத்தில் இருப்பது, நிலத்தில் நடப்பது எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஆமை என்ற ஒரே சொல்தான். அதனால்தான் இந்தக் குழப்பம் திரும்பத் திரும்ப வருகிறது. உங்கள் குஞ்சின் காலைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்து, ஓடு தட்டையாக இருந்தால் நீரில் வாழ்வது. கால்கள் யானைக் கால் போல உருண்டு, ஓடு மேடாக இருந்தால் நில ஆமை. நில ஆமைக்கு நீந்தத் தெரியாது, ஆழமான தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும்.

என்ன இனம் என்று அண்ணனின் நண்பரிடம் கேட்டு எழுதுங்கள். இனம் தெரியாமல் வெப்பநிலை சொல்ல முடியாது. சிவப்பு பல்பை இன்றே எடுத்துவிடுங்கள். ஆமைகளுக்கு நிறம் நன்றாகத் தெரியும், இரவென்றால் அவற்றுக்கு இருட்டு வேண்டும்.

தாழைமடல்:

நன்றி. பல்பை எடுத்துவிட்டேன். கால்கள் நீங்கள் சொன்ன மாதிரி குட்டி யானைக் கால்தான். இனம் ஹெர்மன் ஆமையாம், சான்றிதழிலும் அப்படித்தான் இருக்கிறது. வாலின் நுனியில் சின்னதாக ஒரு கொம்பு முளை போல இருக்கிறது. அதுவும் ஒரு அடையாளம் என்றார்.

செம்மண்:

தாழைமடல், உங்கள் பதிவைப் படித்ததும் பழைய நோட்டு ஒன்றைத் தேடி எடுத்தேன். என் முதல் ஆமைக்குஞ்சும் ஹெர்மன்தான். கண்ணாடித் தொட்டி, மரச்சீவல், மேலே ஒரு பல்பு, எல்லாம் உங்களுடையதைப் போலவே. 18 கிராமில் வந்தது. ஒவ்வொரு ஞாயிறும் எடை போட்டு எழுதினேன். 19, 20, 20, 21, 20, 20, 19. ஏழாவது வாரத்தோடு நோட்டில் எழுத்து நின்றுவிடுகிறது. மருத்துவர் திறந்து பார்த்துவிட்டு, உடல் முழுக்க வறண்டிருக்கிறது, சிறுநீரகத்தில் உப்பு படிந்திருக்கிறது என்றார். நான் தினமும் இலை வைத்தேன், தட்டில் தண்ணீர் வைத்தேன். பாசத்துக்கும் குறைவில்லை. அந்தத் தொட்டியின் காற்றும் சீவலும் சேர்ந்து அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காயவைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே இல்லை. இப்போது என்னிடம் இருக்கும் ஆமைக்கு ஒன்பது வயது. அதை வளர்த்த விதத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்மன் ஆமையின் ஊர் ஸ்பெயின், தெற்குப் பிரான்ஸ், இத்தாலி, பால்கன் பகுதி என்று மத்தியதரைக் கடலின் வடகரை. படங்களில் வறண்ட புதர்க்காட்டில் வெயில் காயும் பெரிய ஆமைகளைப் பார்க்கிறோம். குஞ்சுகளை அப்படி யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அவை வெளியே வருவதே குறைவு. கோடை முடிகிற சமயத்தில், ஆகஸ்டு கடைசியிலும் செப்டம்பரிலும், பெரும்பாலும் ஒரு மழைக்குப் பிறகு மண்ணைக் கிளறிக்கொண்டு வெளியே வருகின்றன. வந்ததும் புல்லின் வேரடியிலும் இலைச்சருகுக்குக் கீழும் ஒளிந்துகொள்கின்றன. அங்கே மண் ஈரமாக இருக்கும், காற்றும் ஈரமாக இருக்கும். காலையில் சிறிது நேரம் வெயில் படும் இடத்துக்கு வந்து சூடேற்றிக்கொண்டு, பக்கத்தில் கிடைத்ததை மென்றுவிட்டு மறுபடி உள்ளே போய்விடும். உங்கள் பொட்டு சீவலுக்குள் புதைந்து தூங்குவதும் இதற்காகத்தான். ஈரம் தேடிப் போகிறது, அங்கே கிடைப்பது காய்ந்த மரத்தூள்.

எனவே முதல் வேலையாகச் சீவலை மொத்தமாக அள்ளிக் கொட்டுங்கள். பைன், தேவதாரு வகைச் சீவலாக இருந்தால் அதன் வாசனையே நுரையீரலுக்குக் கெடுதல். அதற்குப் பதில் உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டத்து மண் பாதி, தேங்காய் நார்த்தூள் பாதி கலந்து 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்குப் போடுங்கள். பையில் வரும் தொட்டி மண்ணில் வெள்ளை வெள்ளையாகப் பெர்லைட் உருண்டைகள் கலந்திருக்கும். அது வேண்டாம், எடுத்துத் தின்றுவிடும். வெறும் மணலும் வேண்டாம், குடலில் அடைத்துக்கொள்ளும். நான்கு மூலையிலும் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நீர் அடியில் இறங்கிப் பரவும், மேல்மண் ஓரளவு காய்ந்தே இருக்கும். அடிமண்ணைக் கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. மேலே எப்போதும் சொதசொதவென்று இருந்தால் வயிற்றுப் பக்கத்து ஓடு அழுகும்.

இந்த ஈரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சில ஆமைகளின் முதுகில் ஒவ்வொரு தகடும் கூம்பு கூம்பாக மேலெழுந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரமிடிங் என்பார்கள். முன்பு அதிகப் புரதம்தான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். 2003இல் வியன்னா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வீஸ்னர், ஈபன் இருவரும் சல்கேட்டா என்ற ஆப்பிரிக்க நில ஆமையின் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்து ஒப்பிட்டார்கள். வறண்ட காற்றில் வளர்ந்தவற்றின் ஓடுதான் அதிகமாகக் கூம்பியது, புரதத்தின் பங்கு சிறியதே. அவர்கள் பார்த்தது வேறு இனம், ஆனால் என் ஹெர்மன் விஷயத்தில் என் கண்ணும் அதையே சொல்கிறது. முதல் இரண்டு வருடம் ஈரத்தில் வளர்ந்ததால் அதன் முதுகு கூழாங்கல் போல வழவழப்பாக இருக்கிறது. ஓடு ஒருமுறை கூம்பிவிட்டால் பிறகு நிரவாது. குஞ்சாக இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டியது இது.

ஈரம் என்றதும் குளிர்ச்சி என்று நினைத்துவிடாதீர்கள். ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூக்கில் நீர் வடிந்து நிமோனியா வரை போகும். கதகதப்போடு சேர்ந்த ஈரம்தான் குஞ்சுக்கு நல்லது.

அதற்குத் தொட்டியின் அளவு முக்கியம். 60க்கு 30 தொட்டியில் ஒரு பல்பைப் போட்டால் மொத்தத் தொட்டியும் சூடாகிவிடும், ஒதுங்க இடமிருக்காது. ஆமை தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் நடந்து நடந்துதான் சரிசெய்துகொள்ளும். அதற்கு ஒரு முனை சூடாகவும் மறுமுனை நிழலாகவும் இருக்க வேண்டும். 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலத்தில் மரப்பெட்டி ஒன்று செய்யுங்கள், இரண்டு மூன்று வருடத்துக்குக் கவலையில்லை. உட்புறம் ஈரம் தாங்கும் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்து வாசனை போன பிறகு பயன்படுத்துங்கள். முதல் வருடத்துக்கு மேலே மூடியும் இருக்கட்டும். வீட்டுக்குள் ஏசியோ ஹீட்டரோ ஓடினால் திறந்த பெட்டியில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் மாலைக்குள் காய்ந்துவிடும். மூடியின் ஓரத்தில் காற்றுக்கு இடைவெளி விட்டால் போதும். காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்க வேண்டும்.

பெட்டி வரும்வரை மீன்தொட்டியே இருக்கட்டும். ஆனால் இன்றே ஒன்று செய்யுங்கள். கண்ணாடியின் வெளிப்பக்கம் சுற்றிலும் 10 செ.மீ. உயரத்துக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டுங்கள். கண்ணாடி ஒரு சுவர் என்பது ஆமைக்குப் புரியாது. அந்தப் பக்கம் போக முடியும் என்று நம்பி நடந்துகொண்டே இருக்கும். வெளிப்புறம் தெரியாவிட்டால் பிறாண்டல் பெருமளவு நின்றுவிடும்.

விளக்கு இரண்டு வேண்டும். ஒன்று சூட்டுக்கு. வெளிச்சம் குவிந்து விழும் ஸ்பாட் விளக்கு முதுகின் நடுவை மட்டும் காயவைக்கும், அதனால் பரவலாக விழும் விளக்காக வாங்கிப் பெட்டியின் ஒரு முனையில் தொங்கவிடுங்கள். அதற்கு நேர்கீழே, குஞ்சின் முதுகு இருக்கும் உயரத்தில் 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். மறுமுனையில் 22 முதல் 25. விளக்குக்குக் கீழே ஒரு தட்டைக் கல் வையுங்கள். கையை வைத்துப் பார்த்துச் சொல்வது சரிவராது, வெப்பமானி வாங்கி இரு முனையிலும் வையுங்கள். பகல் 12 மணி நேரம், டைமரில் போட்டுவிடலாம்.

இன்னொன்று யுவிபி விளக்கு. புறஊதாவின் இந்தப் பகுதி தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். டி3 இல்லாவிட்டால் எவ்வளவு கால்சியம் கொடுத்தாலும் எலும்புக்குப் போகாது. ஓடு ரப்பர் போல மெத்தென்று ஆகி, கால் வளைந்து, நடக்க முடியாமல் போகும். கடையில் தந்த மஞ்சள் பல்பில் யுவிபி கிடையாது. ஜன்னல் ஓரத்தில் வைத்தாலும் கிடைக்காது, ஜன்னல் கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும். டி5 என்ற மெல்லிய நீளக் குழல் விளக்கில் யுவிபி 10 அல்லது 12 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பெட்டியின் பாதி நீளத்துக்கு, சூட்டு விளக்கு இருக்கும் பக்கமாகப் பொருத்துங்கள். அட்டையில் உயரம் போட்டிருக்கும், அதை மீறி நெருக்கமாக வைக்காதீர்கள். நடுவில் கம்பிவலை இருந்தால் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தடுத்துவிடும், எனவே வலைக்குக் கீழே இருக்கட்டும். வெளிச்சம் குறையாமலே யுவிபி குறைந்துகொண்டு வரும், ஆகவே வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வாங்கிய தேதியைக் குழலின் ஓரத்தில் பேனாவால் எழுதிவைப்பேன்.

அடியில் வைக்கும் சூட்டு மெத்தை, சூட்டுக் கல் இரண்டும் வேண்டாம். சூடு மேலிருந்து வரும் என்பதுதான் ஆமைக்குத் தெரியும். சூடு அதிகமானால் தப்பிக்கக் கீழேதான் தோண்டும், கீழேயும் சூடென்றால் எங்கே போகும்?

ஒளிய இடம் குறைந்தது இரண்டு. உடைந்த மண்தொட்டியைக் கவிழ்த்து விளிம்பைத் தேய்த்து மழுக்கிப் பாதி புதைத்தால் நல்ல குகை. குளிர்ந்த பக்கத்துக் குகைக்குள் ஈரமான ஸ்பேக்னம் பாசி கொஞ்சம் திணித்துவையுங்கள், இரவு அங்கேதான் போய்ப் படுக்கும். நடுவில் செடிகளை நடுங்கள். நான் செம்பருத்திக் கன்றும் ஸ்பைடர் பிளான்டும் வைத்தேன். செம்பருத்தியைத் தின்றே தீர்த்துவிட்டது. திறந்த வெளியைப் பார்த்தாலே குஞ்சுக்குப் பயம். மறைவு அதிகமாக அதிகமாகத் தைரியமாக வெளியே வரும். தண்ணீருக்கு மண் பூந்தொட்டியின் அடித்தட்டு போதும். விளிம்பு மண் மட்டத்துக்கு வரும்படி புதையுங்கள், ஆழம் அதன் தாடைக்கு மேல் வேண்டாம். செங்குத்தான கல் எதையும் வைக்காதீர்கள். ஏறி விழுந்து மல்லாந்துவிட்டால், அதுவும் விளக்குக்கு அடியில் என்றால், சீக்கிரம் உயிர் போய்விடும்.

கடைசியாகக் குளியல். தினமும் காலையில் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், மேலோடும் கீழோடும் சேரும் கோடு வரை. 15 முதல் 20 நிமிடம். தண்ணீர் ஆறினால் மாற்றுங்கள். அதிலேயே குடிக்கும், மலம் கழிக்கும், வெள்ளையாகப் பசை போல ஒன்று வெளியேற்றும். அந்த வெள்ளை தயிர் போல மென்மையாக இருந்தால் நல்லது. மணல் போல நறநறவென்று இருந்தால் உடம்பில் நீர் போதவில்லை. என் முதல் குஞ்சுக்கு இதைக் கவனிக்க யாராவது சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைப்பேன்.

கல்லொதுக்கம்:

செம்மண் அக்கா சொன்னதில் பெரும்பகுதி சரி. இரண்டு விஷயத்தில் என் அனுபவம் வேறு.

ஒன்று, இரவு. சல்கேட்டா, சிவப்புக்கால் ஆமை போன்ற வெப்ப மண்டல இனத்தின் குஞ்சுகளை மூடிய பெட்டியில் இரவும் பகலும் 26 டிகிரிக்குக் குறையாமல் வைப்பார்கள். அதைப் படித்துவிட்டு ஹெர்மனுக்கும் செய்யாதீர்கள். அதன் ஊரில் இரவு குளிரும். 18, 20 டிகிரி வரை இறங்கினால் அதற்கு நல்லதுதான், நன்றாகத் தூங்கும். அறை அதற்கும் கீழே போனால் மட்டும் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரை, சூடு அளவை எட்டியதும் தானே அணைக்கும் தெர்மோஸ்டாட்டோடு இணைத்துப் போடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடவே வேண்டாம்.

இரண்டு, நான் மூடி இல்லாத மரப்பெட்டியில்தான் மூன்று குஞ்சுகளை வளர்த்தேன், தனித்தனிப் பெட்டியில். மண்ணை 15 செ.மீ. ஆழம் போட்டேன், குகைகளைத் தினமும் நனைத்தேன். ஓடு நன்றாகவே வந்தது.

அப்புறம் வெயில். வெளியே இதமான நாளாக இருந்தால் தினம் அரை மணி நேரமாவது நேரடி வெயிலில் விடுங்கள். எந்த விளக்கும் அதற்கு ஈடாகாது. மேலே கம்பிவலை போட்ட கூண்டு, பாதி நிழல், பக்கத்தில் நீங்கள். காகத்துக்கும் எலிக்கும் இந்த வயதுக் குஞ்சு ஒரு வாய்தான். மீன்தொட்டியோடு தூக்கி வெயிலில் வைத்துவிடாதீர்கள், சில நிமிடத்தில் உள்ளே அடுப்பாகிவிடும்.

செம்மண்:

இரவுச் சூடு பற்றி நீங்கள் சொல்வது சரி, நான் எழுத விட்டுவிட்டேன். மூடி விஷயத்தில் மட்டும் நான் மாறமாட்டேன். உங்களுக்குத் தினமும் நனைக்கும் பழக்கம் கைவந்திருக்கிறது. முதல்முறை வளர்ப்பவர் இரண்டு நாள் மறந்தால் 21 கிராம் குஞ்சு தாங்காது. மூடி அந்த மறதிக்கு இடம் கொடுக்கும்.

தாழைமடல்:

அக்கா, படித்துவிட்டு மகளும் நானும் இரவே சீவலை அள்ளிக் கொட்டிவிட்டோம். காகிதம் ஒட்டிய மறுநாளே பிறாண்டல் பாதியாகக் குறைந்தது. மரப்பெட்டிக்குச் சொல்லியிருக்கிறேன், பத்து நாளில் வரும். குளியலில் முதல் நாள் தலையை நீட்டி, மூக்கை நீருக்குள் வைத்து நெடுநேரம் குடித்தது. அதைப் பார்த்தபோது மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, இத்தனை நாள் தாகத்தோடு இருந்திருக்கிறதே என்று.

இன்னும் சில சந்தேகம். மண்ணின் மேல் ஒரு மூலையில் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? அப்புறம் சாப்பாடு, வெள்ளரிக்காயைத் தவிர எதையும் தொடுவதில்லை. மகள் கையில் எடுத்துக் கொஞ்சலாமா? இது தனியாக இருக்கிறதே, இன்னொன்று வாங்க வேண்டும் என்கிறாள்.

செம்மண்:

புது மண்ணில் பூஞ்சை வருவது வழக்கம். அந்த இடத்தைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மண்ணைக் கிளறிவிடுங்கள். சாப்பாட்டு மிச்சத்தை அன்றன்றே எடுத்துவிட்டால் குறையும். ஸ்பிரிங்டெயில் என்று மிகச் சிறிய வெள்ளைப் பூச்சிகள் உண்டு, அவற்றை மண்ணில் விட்டால் பூஞ்சையைத் தின்று தீர்க்கும். ஆமையை ஒன்றும் செய்யாது.

வெள்ளரிக்காயில் தண்ணீரைத் தவிர அதிகம் எதுவும் இல்லை. ஆனால் அது பிடித்துப்போயிருப்பதால் அதையே பயன்படுத்தலாம். வெள்ளரியைத் துருவி, பொடியாக நறுக்கிய இலையோடு பிசைந்து வையுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வெள்ளரியைக் குறைத்து இலையைக் கூட்டுங்கள். செம்பருத்தி இலையும் பூவும், மல்பெரி இலை, திராட்சை இலை, டான்டிலியன், முள் நீக்கிய சப்பாத்திக்கள்ளி, இவையெல்லாம் நல்லது. நாரும் கால்சியமும் அதிகமுள்ள இலைதான் இந்த இனத்தின் உணவு. மருந்து தெளித்த இடத்தில் பறிக்காதீர்கள். கடையில் வாங்கிய பூச்செடியாக இருந்தால் புதுத் துளிர் வரும்வரை சில வாரம் காத்திருங்கள். ஸ்பினாச் போன்ற கீரைகளில் ஆக்சலேட் அதிகம், அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பழம் வேண்டாம், சர்க்கரை அதன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. இறைச்சி, நாய்த் தீனி, பூனைத் தீனி கூடவே கூடாது. வாரம் இரண்டு மூன்று நாள் கால்சியம் கார்பனேட் பொடி ஒரு சிட்டிகை. கணவாய் மீனின் ஓடு ஒரு துண்டு உள்ளே கிடந்தால் வேண்டும்போது தானே கொறித்துக்கொள்ளும். தட்டையான ஓட்டுக்கல்லின் மேல் உணவை வைத்தால் அலகும் நகமும் தானாகத் தேயும். விளக்கு போட்டு ஒரு மணி நேரம் கழித்து வையுங்கள், உடம்பு சூடேறாமல் பசிக்காது.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். பொட்டுக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கும்படி செய்யலாம், தூக்கினால் பிடிக்காது. கீழேயிருந்து வரும் கையைவிட மேலேயிருந்து வரும் கை அதற்குப் பருந்து மாதிரி. என் மகன் தினமும் காலையில் பெட்டிக்குள் உள்ளங்கையை மண்ணோடு மண்ணாக வைத்து அதில் ஒரு செம்பருத்தி இதழை வைப்பான். மூன்றாவது வாரம் அது தானாகக் கையில் ஏறி நின்று தின்றது. தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். ஆமைகளிடம் நோய் தெரியாமலே சால்மொனெல்லா கிருமி இருக்கும். முத்தம் கொடுக்கக் கூடாது, குளியல் கிண்ணத்தைச் சமையல் பாத்திரங்களோடு கழுவக் கூடாது.

இன்னொன்று வாங்கவே வேண்டாம். இவை கூட்டமாக வாழும் உயிரினம் இல்லை. இரண்டை ஒன்றாக விட்டால் ஒன்று மற்றதைச் சூட்டு இடத்திலிருந்தும் உணவிலிருந்தும் தள்ளிவிட்டுக்கொண்டே இருக்கும். கடிப்பது முட்டுவது எதுவும் நம் கண்ணில் படாது. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் படுத்திருப்பதைப் பார்த்து நட்பு என்று நினைப்போம். கீழே கிடப்பது வளராமல் நின்றுவிடும்.

வேலிப்பருத்தி:

இந்த இழையைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டில் நட்சத்திரம் போட்ட ஆமை அழகாக இருக்கிறது, அது எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தனியாக இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். இந்திய நட்சத்திர ஆமைகளில் காட்டிலிருந்து திருடிக் கடத்தப்படுபவை ஏராளம். அதனால்தான் 2019இல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்கு, அதாவது காட்டில் பிடித்ததைப் பன்னாட்டு வணிகம் செய்யக் கூடாத பட்டியலுக்கு, அதை ஏற்றினார்கள். தாழைமடலைப் போல வளர்ப்பில் பிறந்ததற்கான தாள் கையில் இல்லாமல் எந்த ஆமையையும் வாங்காதீர்கள். வாங்கும் முன் உங்கள் இடத்துச் சட்டம் அந்த இனத்தை வளர்க்க அனுமதிக்கிறதா என்றும் பாருங்கள்.

தாழைமடல்:

ஐந்து வாரம் ஆகிறது. பெட்டி வந்துவிட்டது, விளக்குகள் இரண்டும் போட்டாயிற்று. சூட்டு முனையில் முதலில் 39 டிகிரி காட்டியது, விளக்கை ஒரு சாண் உயர்த்திய பிறகு 34இல் நிற்கிறது. மறுமுனை 24. ஈரப்பதம் 75க்குக் கீழே போகவில்லை. இரவில் பாசி வைத்த குகையில்தான் படுக்கிறது, நீங்கள் சொன்ன மாதிரியே.

மகள் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை குளியலுக்கு முன் எடை. 21, 22, 24, 25, 27. தகடுகளுக்கு நடுவே மெல்லிய வெளிர்க்கோடு தெரிகிறது, புது வளர்ச்சி என்று நினைக்கிறேன். வெள்ளரிக்காய் போன வாரத்தோடு நின்றது. கையில் இன்னும் ஏறவில்லை, இதழை மட்டும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது.

செம்மண்:

வெளிர்க்கோடு புது வளர்ச்சிதான். 27 என்பதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. குளிர்காலம் வரும்போது உறக்கத்துக்கு விடுவதா வேண்டாமா என்று கேட்பீர்கள். அதற்கு முன் ஒருமுறை ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் மலத்தைக் கொடுத்துப் புழு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். மகளின் நோட்டையும் எடுத்துப் போங்கள், அவர் முதலில் கேட்பது அந்த எடைகளைத்தான்.